உளுந்து மிதித்த கார்

நம்ம பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்பில் போன வாரம் ஒருத்தர் ஒரு காரின் படத்தைப் போட்டார். கறுப்புக் கார், உருண்டை முகப்பு, பளபளவென்று பம்பர். யாரோ கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பூ ஜோடித்து நிறுத்தியிருந்தார்கள். அதன் கீழே நீங்கள் எல்லாரும் வரிசையாக இதயம் போட்டிருந்தீர்கள். "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா" என்று ஒருத்தர். "இரும்புய்யா, இரும்பு" என்று இன்னொருத்தர். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. உங்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படி ஒரு வண்டி நின்றது? எங்கள் வீட்டில் நின்றது. நின்றது என்றுதான் சொல்கிறேன். ஓடியதைவிட நின்ற நேரம்தான் அதிகம். குரூப்பில் இதை டைப் அடிக்கப் பொறுமை இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் இதயம் போடுங்கள்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் கார் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். கார் வீடு என்றே எங்கள் வீட்டுக்குப் பேர். அப்பா அதை யாரிடமோ பழசாக வாங்கியிருந்தார். ஒரு டிரைவர் இருந்தார். ஐம்பது வயசிருக்கும், ஒல்லியான மனுஷர், ஸ்டியரிங்குக்கு மேலே சின்னதாக ஒரு மாதா படம் ஒட்டி வைத்திருப்பார். வண்டி சத்தத்தை வைத்தே எந்தப் பிளக் சரியில்லை என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வதை யாரும் கேட்கமாட்டார்கள், அது வேறு விஷயம்.

எனக்குப் பத்து வயசு. அக்காவுக்குப் பதினேழு முடிந்திருந்தது. அந்த வருஷம் தாளடி நெல் அறுத்த வயலில் உளுந்து நல்லா வந்திருந்தது. பங்குனி கடைசியில் செடியைப் பிடுங்கிக் களத்தில் காயப்போட்டாயிற்று. மாடு கட்டி மிதிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எங்கள் மாடு ஒன்றுக்குக் காலில் புண். டிராக்டர் வைத்திருந்தவர் பத்து நாள் ஆகும் என்றுவிட்டார். மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. கோடை மழை ஒரு அடி அடித்தால் உளுந்து அத்தனையும் களத்திலேயே முளைத்துவிடும்.

அப்பா கொட்டகையில் நின்ற காரைப் பார்த்தார். "இது என்ன சும்மாதானே நிக்குது" என்றார்.

டிரைவர், "ஐயா, தூசி ஆகாதுங்க இந்த வண்டிக்கு" என்றார்.

"மாடு மிதிச்சா மட்டும் தூசி வராதா? மாடு செத்தா போச்சு?"

"மாட்டுக்கு கார்பரேட்டர் இல்லீங்களே ஐயா."

களத்தில் நின்ற ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அதோடு தீர்ந்தது. ஆட்கள் சிரித்துவிட்டபிறகு அப்பா ஒரு முடிவை மாற்றிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

மூன்று நாள் அந்தக் கார் களத்தில் செக்குமாடு மாதிரி சுற்றியது. முதல் கியர். காலை எட்டு மணி முதல் வெயில் சாயும் வரை. சக்கரத்துக்கு அடியில் காய்ந்த உளுந்தங்காய் பட்பட்டென்று வெடிக்கும். தூசி கிளம்பிக் களமே தெரியாது. சுணை கழுத்தெல்லாம் ஒட்டிக்கொண்டு, சொறிந்து சொறிந்து தோல் சிவந்துவிடும். இரண்டாம் நாள் இன்ஜின் திணறியது. காற்று உறிஞ்சும் வடிகட்டியில் உளுந்தம்பொட்டு, அதாவது நொறுங்கின தோலும் இலைச்சருகும், அடைத்துக்கொண்டது. டிரைவர் நிறுத்திக் கழுவுகிறேன் என்றார். அப்பா, "அதை எடுத்துக் கடாசு, நல்லா மூச்சு விடட்டும்" என்றார். கழற்றி வைத்துவிட்டார்கள். பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றிக் களத்து மேட்டில் வைத்தார்கள். அதை உளுந்துச் செடியோடு சேர்த்து யாரோ வாரிவிட்டார்கள். மூடி போயே போச்சு. அதன் பிறகு ஒரு கந்தல் துணிதான் மூடி.

பெட்ரோல் டின்னிலிருந்து ஊற்றும்போது புனலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். புனலில் பொட்டு மிதந்தது. விரலை விட்டுக் கொஞ்சம் எடுத்துப் போட்டேன். மீதி உள்ளே போனது. எவ்வளவு போனது என்று எனக்குத் தெரியும். பத்து வயசுப் பிள்ளைக்குக் கண் இருக்காதா?

உளுந்து மூட்டையாகி வீட்டுக்கு வந்துவிட்டது. மழையும் அந்த வாரம் வரவில்லை. அப்பாவுக்கு ரொம்பப் பெருமை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மூன்று நாளில் முடித்த கதையைச் சொன்னார். அடுத்த வாரமே கார் மிஸ் அடிக்க ஆரம்பித்தது.

எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் முட்டாள் ஆனார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது வண்டி நன்றாகத்தான் போகும். இரண்டு மூன்று மைல் போனதும் குலுங்கும். கார்பரேட்டர் வழியாகத் திரும்பித் தும்மும். அப்புறம் நின்றுவிடும். பத்து நிமிஷம் சும்மா நிறுத்தி வைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மறுபடி இரண்டு மைல், மறுபடி தும்மல்.

நுங்கு சர்பத்தை ஸ்ட்ரா போட்டுக் குடித்திருக்கிறீர்கள் இல்லையா? நுங்குத் துண்டு ஸ்ட்ரா வாயில் வந்து அடைத்துக்கொள்ளும். உறிஞ்சினால் வராது. உறிஞ்சுவதை விட்டால் துண்டு தானாகக் கீழே விழுந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். டேங்கிலிருந்து பெட்ரோல் போகிற குழாய் வாயில் பொட்டு வந்து அடைக்கிறது. இன்ஜின் நின்றால் விழுந்துவிடுகிறது. டிரைவர் முதல் நாளே இதைச் சொன்னார். பெட்ரோல் பம்பின் அடியில் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் கறுப்பும் பழுப்புமாகத் தூள் சுற்றிக்கொண்டிருந்ததை அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"டேங்க்கை இறக்கிக் கழுவிடலாங்க ஐயா. ஒரு நாள் வேலை."

அப்பா குனிந்து பார்த்தார். "துரு" என்றார்.

துரு இல்லை என்று அவருக்கும் தெரியும். டேங்க்கை இறக்கினால் பொட்டு வெளியே வரும். பொட்டு வெளியே வந்தால் களத்தில் காரை விட்டது தப்பு என்று ஆகிவிடும். மூன்று நாளில் முடித்த கதையை அதற்கப்புறம் யாரிடம் சொல்வது? அதனால் டேங்க்கைத் தவிர மீதி எல்லாவற்றையும் கழற்றினார்கள்.

மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அவரிடம் ஒரு மோட்டார் பைக் இருந்தது. அதனால் அவருக்கு எல்லா இன்ஜினும் தெரியும் என்று நினைப்பு. "கார்பரேட்டர் செட்டிங்தான் அத்தான்" என்று சொல்லி ஸ்குரூ டிரைவரை எடுத்து இந்த ஸ்குரூவை அரைச் சுற்று, அந்த ஸ்குரூவை ஒரு சுற்று என்று திருப்பினார். முதலில் எவ்வளவு இருந்தது என்று எண்ணிக்கூட வைத்துக்கொள்ளவில்லை. வண்டி கரும்புகை விட்டது. "பாத்தீங்களா, இப்ப நல்லா எரியுது" என்றார். அவர் போனபிறகு டிரைவர் உட்கார்ந்து ஸ்குரூவை முழுசாக மூடிவிட்டு, ஒன்றரைச் சுற்று திறந்து, பழையபடி வைப்பார். மறுநாள் மாமா வந்து மறுபடி திருப்புவார். சித்திரை முழுக்க இதே கூத்து.

அப்புறம் அப்பாவே பிளக்குகளைக் கழற்றி உப்புத் தாளில் தேய்த்தார். பிளக்குக்குப் பொறி அனுப்புகிற பாயின்ட்டைத் தேய்த்தார். தேய்த்த தேய்ப்பில் பாயின்ட் வீணாகிப் புதுசு வாங்கினார்கள். கண்டென்சர் மாற்றினார்கள். டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். நாலு பேர் ஆளுக்கொன்றாகத் திருப்பி வைத்த இன்ஜினைப் பார்த்துவிட்டு, "இதை யாரு தொட்டது?" என்று கேட்டார். அவரும் கார்பரேட்டரைக் கழற்றி அதன் ஜெட் துளையை ஊதி மாட்டினார். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் பழைய குருடி கதைதான். வெயில் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது என்று ஒருத்தர் சொன்னார், பம்பின் மேல் ஈரத்துணி சுற்றினார்கள். திருஷ்டி என்று ஒருத்தர் சொன்னார், முன்னால் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். கார் எலுமிச்சம்பழத்தோடு நின்றது.

ஒருநாள் சாப்பிடும்போது நான் சொன்னேன். "டேங்க்ல பொட்டு இருக்குப்பா. நான்தான் புனலைப் புடிச்சேன். பாத்தேன்."

மாமா சிரித்தார். "பாப்பா மெக்கானிக் ஆயிடுச்சு அத்தான்."

அப்பா சிரிக்கவில்லை. "சாப்பிடறப்ப என்ன பேச்சு" என்றார். அக்கா மட்டும் என்னைப் பார்த்தாள். என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் படிப்பில் கெட்டி. பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு, தஞ்சாவூரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அப்பாவுக்கு இதில் பெரிய இஷ்டம் இல்லை. அம்மா ஒரு மாசம் பேசாமல் இருந்து சம்மதம் வாங்கினாள். ஆனி மாசம் நேர்காணலுக்குக் கார்டு வந்தது. காலை பத்து மணி. அக்கா அந்தக் கார்டை எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. அவள் வாங்கின மார்க்குக்குச் சீட் நிச்சயம் என்று ஹெட்மிஸ்ட்ரஸே சொல்லியிருந்தார். போய் நின்றால் போதும்.

முதல் நாள் அம்மா அப்பாவிடம் சொன்னாள். "ஏழு மணி பஸ்ல போயிட்டு வரட்டுமே. நீங்களும் கூடப் போங்க."

"கார் வீட்டுப் பொண்ணு பஸ்ல நசுங்கிட்டுப் போச்சுன்னு எவனாவது பேசறதுக்கா?"

"கார் போகணுமே."

"போகும். ஈரத்துணி சுத்தியிருக்கு."

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். டிரைவர், பக்கத்தில் அப்பா, பின்னால் அக்காவும் நானும். நான் துணைக்காம். ஜன்னலோரம் எனக்குத்தான் என்று அழுது அடம்பிடித்து வாங்கியிருந்தேன். அக்கா சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரு அட்டையில் கட்டி மடியில் வைத்திருந்தாள். மஞ்சள் தாவணி. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது, கலங்கலாக ஓடியது. நாற்றங்காலுக்கு ஆட்கள் வரப்பு அண்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது மைலில் முதல் தும்மல். நின்றது. பத்து நிமிஷம். ஓடியது. மறுபடி நின்றது. மூன்றாவது தடவை பூதலூர் தாண்டி, ஒரு மதகுக்குப் பக்கத்தில் நின்றது. அப்பா இறங்கி பானெட்டைத் திறந்தார். துணியை நனைத்துச் சுற்றினார். பிளக்கைக் கழற்றச் சொன்னார். டிரைவர் கழற்றிக் காட்டினார். வெளேரென்று இருந்தது. "பெட்ரோல் பத்தலைங்க ஐயா, வரவழி அடைச்சிருக்கு" என்றார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாயின்ட்டைத் தேய் என்றார்.

எட்டேகாலுக்கு பஸ் வந்தது. எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். உள்ளே உட்கார இடம்கூட இருந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கேட்டார்.

"என்னங்க, மக்கரா? ஏறிக்கிறீங்களா?"

பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஜன்னல் வழியாக எல்லாத் தலையும் எங்கள் பக்கம். ஒருத்தர், களத்தில் அன்றைக்குச் சிரித்தவர், "உளுந்து மிதிக்கப் போறதுன்னா இந்நேரம் ஓடியிருக்கும்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

அப்பா, "நீங்க போங்க. அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடும்" என்றார்.

"பாப்பாவை மட்டுமாவது ஏத்தி விடுங்களேன். பரீட்சை அட்டை மாதிரி ஏதோ வச்சிருக்கு."

"போங்கன்னேன்ல."

கண்டக்டர் உடனே விசில் அடிக்கவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா காரின் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்திருந்தாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் விசில் சத்தம், பஸ் போய்விட்டது.

இதைப் பற்றி அக்காவிடம் நான் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறேன். அவளுக்கு அறுபது தாண்டியபிறகு. "அப்பா என் கையையா புடிச்சிருந்தார்?" என்று கேட்டாள். "ஏறியிருந்தா ஏறினதுதான். நான் போய் அவர் மூஞ்சியப் பாத்தேன் பாரு." எனக்கு அதைக் கேட்டு அவள் மேலேயும் கோபம் வந்தது. பதினேழு வயசுப் பெண் வேறு யார் மூஞ்சியைப் பார்ப்பாள்? தப்பு செய்த ஆள் ஒருத்தர் இருக்கும்போது இவள் எதற்கு அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறாள்?

ஒன்பது மணிக்கு அடுத்த பஸ். கூட்டம். நிறுத்தவே இல்லை. ஒன்பதரைக்கு அப்பா வாட்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கார்பரேட்டர் ஸ்குரூவை எடுத்துத் திருப்ப ஆரம்பித்தார். அப்போதுதான் டிரைவர் ஒரு காரியம் செய்தார். அப்பாவிடம் கேட்கவில்லை. டிக்கியிலிருந்து காலி டின்னை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தார். டேங்க்கின் அடியில் இருந்த திருகாணியைக் கழற்றிப் பெட்ரோலை டின்னில் பிடித்தார். அப்பா என்ன பண்றே, என்ன பண்றே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டிரைவர் பானெட்டுப் பக்கம் வந்தார். குழாயை பம்புப் பக்கம் கழற்றி வாயை வைத்து ஊதினார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வர ஊதினார். குபுக்கென்று விட்டது. வாயில் போன பெட்ரோலைத் துப்பிவிட்டு, வாய்க்கால் தண்ணீரில் கொப்பளித்தார். எழுந்து வந்து கையை நீட்டினார்.

"துண்டைக் குடுங்க ஐயா. வடிகட்டணும்."

அப்பாவின் தோளில் இருந்தது ஜரிகைக்கரை போட்ட துண்டு. விசேஷத்துக்கு மட்டும் போடுவது. ஒரு நிமிஷம் யோசித்தார். கொடுத்தார். நான் புனலைப் பிடித்தேன். அக்கா துண்டைப் புனல் மேல் விரித்துப் பிடித்தாள். பெட்ரோல் இறங்க இறங்க, வெள்ளைத் துண்டின் நடுவில் உளுந்தம்பொட்டு நனைந்து உருண்டையாகச் சேர்ந்தது. இரண்டு முழு உளுந்துகூட இருந்தது.

அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பங்க்ல என்னத்தையோ கலக்குறானுங்க" என்றார்.

அக்கா துண்டை உதறினாள். "பங்க்ல உளுந்தம்பொட்டுக் கலக்குறாங்களாப்பா?" என்று கேட்டாள். அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இத்தனை வேலைக்கும் இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கும். இரண்டு மாசமாகச் செய்ய விடாத வேலை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று. பள்ளிக்கூட வராந்தாவில் பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மேஜை போட்டு உட்கார்ந்திருந்த கிளார்க் பேப்பரில் விரலை ஓட்டினார்.

"மூணு தடவை கூப்பிட்டோமே. அடுத்த பேருக்குக் குடுத்தாச்சு."

"வண்டி நின்னுடுச்சு சார்" என்றார் அப்பா.

"பஸ்ஸா சார்?"

"சொந்தக் கார்."

கிளார்க் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த வருஷம் போடச் சொல்லுங்க" என்றார். அடுத்த வருஷம் ஆனிக்கு அக்கா கல்யாணமாகி வலங்கைமானில் இருந்தாள். அவள் போட்ட கோலத்தை அந்தத் தெருவே பாராட்டியதாக அப்பா சொல்லிக்கொண்டு திரிந்தார். எட்டு வருஷம் கழித்து எனக்கு அதே பள்ளியில் சீட் கிடைத்தது. அப்பா தன் கையாலேயே என்னை பஸ் ஏற்றிவிட்டார். அதற்குள் கார் இல்லை, பேசுவதற்கு எவனும் மீதி இல்லை. முப்பத்து மூன்று வருஷம் நான் டீச்சராக இருந்தேன். உங்களில் பலருக்கு என் வேலைதான் தெரியும். எப்படி வந்தது என்று தெரியாது.

அன்றைக்கு வெளியே வந்ததும் அப்பா அக்காவிடம், "சரி விடு, வண்டி மக்கர் பண்ணா யாரு என்ன பண்றது. ஓட்டல்ல சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றார். டிரைவர் பின்கதவைத் திறந்து பிடித்தார். அவள் ஏறவில்லை. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தாள்.

"எங்கடி போறே? ஏய்."

அவள் திரும்பவில்லை. அப்பா ரோட்டில் நின்று நாலு பேர் பார்க்கக் கத்த முடியாமல் பல்லைக் கடித்தார். டிரைவர், "நான் போய்க் கூட்டிட்டு வரவாங்க" என்று கேட்டார். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார்.

நான் ஏற்கனவே காருக்குள் இருந்தேன். கதவைத் தள்ளினால் போதும், அவளோடு ஓடியிருக்கலாம். எனக்கு விஷயம் புரியாமல் இல்லை. டேங்க்கில் என்ன இருந்தது என்று தெரிந்த பிள்ளைக்கு இது தெரியாதா? ஆனால் அக்கா இல்லாததால் பின்சீட் முழுக்க எனக்குத்தான் என்று தோன்றியது. வேண்டுமானால் இந்த ஜன்னல், வேண்டுமானால் அந்த ஜன்னல். நான் இறங்கவில்லை.

கார் கிளம்பியது. தஞ்சாவூரிலிருந்து வீடு வரைக்கும் ஒரே சீராக ஓடியது. வழியில் ஒரு தடவைகூடத் தும்மவில்லை. அக்காவுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.